கிளி இல்லாத அறை

ஜூன் 11, புதன் மாலை

வாத்தியாருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் உங்கள் குரல் வகுப்பறைக் குரலாகிவிடுகிறது, எனக்கு எழுந்து நின்று பதில் சொல்லத் தோன்றுகிறது. எழுதினால் குறுக்கே பேச முடியாது. வீடு வந்து சேரும் வரை இப்படி மின்னஞ்சலிலேயே பேசிக்கொள்வோம்.

நீங்கள் இன்னும் கோபமாக இருக்கிறீர்கள் என்று தெரியும். இந்த ஊரில் விமானம் மாற வேண்டும். அடுத்த விமானத்தை நான்கு நாள் தள்ளி எடுத்தாலும் அதே கட்டணம்தான் என்று திரையில் காட்டியது. எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு உங்களிடம் சொன்னது தப்பு. கேட்டுவிட்டு எடுத்திருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

இரண்டு வருடம் வெளிநாட்டில் படித்தேன் என்று பேர். நான் பார்த்ததெல்லாம் விடுதி அறை, செயற்கைக் கால் செய்கிற பட்டறை, பிளாஸ்டர் மாவு, அந்த மாவு அடைத்துக்கொண்ட கைகழுவும் தொட்டி. ஊருக்கு வந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிப் பட்டறை. நடுவில் ஒரு பெரிய நகரம் வழியில் கிடந்தது. பார்த்துவிட்டு வருகிறேனே.

இங்கே இருப்பதிலேயே மலிவான அறை. எட்டுப் பேர் படுக்கிற அடுக்குக் கட்டில்கள். எனக்கு மேல்தட்டு. ஏணியில் ஒரு படி இல்லை, அதனால் ஏறும்போதெல்லாம் கீழ்க்கட்டில்காரி தலையைப் பாதுகாத்துக்கொள்கிறாள். பெட்டியை வைக்கும் அலமாரிக்குப் பூட்டு நாமே கொண்டுவர வேண்டுமாம். ஷூ கயிற்றால் நாலு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். நாள் முழுக்கச் செல்லும் பஸ் சீட்டு ஒன்று, ரொட்டி, வாழைப்பழம், அவித்த முட்டை. இவ்வளவுதான் என் சுற்றுலா.

ஆற்றங்கரையில் குதிரை மேல் உட்கார்ந்த ஒரு தளபதி சிலை. எல்லாரும் அவர் மீசையைப் படம் எடுத்தார்கள். நான் கணுக்காலைப் பார்த்தேன். இடது பாதம் வெளியே திரும்பியிருக்கிறது. இறங்கி நடந்தால் நிச்சயம் நொண்டுவார். படிப்பு புத்தியைக் கெடுத்துவிட்டது.

சுண்டு என்ன சொல்கிறாள்? போன மாதத்திலிருந்து அம்மாவோடு பேசப் போனுக்கே வர மாட்டேன் என்கிறாளே, ஏன்?

– படிப்பாளி


ஜூன் 12, வியாழன் காலை

படிப்பாளிக்கு,

நீ பத்திரமாகச் சேர்ந்தது நல்லது. தளபதியின் கணுக்காலைப் பற்றியும் தெரிந்துகொண்டேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், கோபப்படாதே. பள்ளி விட்டாயிற்று. ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கடைசியாக ஒரு பிள்ளை மட்டும் வாசலில் நிற்கிறது. தெருமுனையில் அதன் அம்மா தெரிகிறாள். பிள்ளை பையை மாட்டிக்கொள்கிறது. அந்த அம்மா வழியில் ஒரு கடை வாசலில் நின்று வளையல் பார்க்கிறாள். ஐந்தே நிமிடம்தான் பார்க்கிறாள். அவளைக் கேட்டால் ‘அஞ்சு நிமிஷம்தானே’ என்பாள். பிள்ளையைக் கேட்டுப் பார். நாள் முழுக்க வகுப்பில் இருந்ததைவிட அந்த ஐந்து நிமிடம்தான் நீளம். முப்பது வருடமாக அந்த வாசலில் நின்று பிள்ளைகளை அனுப்புகிறேன், எனக்குத் தெரியும்.

அவள் உன்னை நேற்று எதிர்பார்த்தாள். பதினொன்றாம் தேதி என்று நான்தான் நாட்காட்டியில் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். நீ தேதியை மாற்றியதைச் சொன்ன பிறகும் வட்டத்தை அழிக்க விடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா, “வர்றவ ஞாயிறு கழிச்சுத்தான் வருவா. நீ சாப்புடு, ஆறிப்போகுது” என்று சொல்லி மடியில் வைத்து ஊட்டினாள். இந்த இரண்டு வருடமும் என் அக்கா இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அவளுக்கும் முட்டி வலி. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சுண்டு ஒன்றாம் வகுப்பு சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. என் ஐந்தாம் வகுப்புக்கு மூன்றாவது அறைதான் அவளுக்கு. எழுத்துக் கூட்டி நன்றாகப் படிக்கிறாள்.

நீ வருவதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேரில் சொல்கிறேன். அதுவரை நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவளிடம் போன் பேச வேண்டாம். காரணம் கேட்காதே.

– வாத்தியார்


ஜூன் 12, வியாழன் மாலை

வாத்தியாருக்கு,

காரணம் கேட்காதே என்று சொன்னால் யார்தான் சும்மா இருப்பார்கள்? பள்ளி விட்டதும் நீங்கள் தலைமையாசிரியர் அறையில் கூட்டத்தில் இருந்த நேரத்தில் உங்கள் அக்காவின் போனுக்குக் கூப்பிட்டேன். சொன்னதற்காகவே கூப்பிட்டேன்.

அண்ணி, “இருடி, தர்றேன்” என்று அவளிடம் கொடுத்தார்கள். ரகசியமாகக் கேட்டாள்: “அம்மா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?”

“இல்லடா, சொல்லு.”

“கிளிய யாருகிட்டம்மா விட்டுட்டு வந்தே? வீட்டுக்காரம்மா கண்டுபுடிச்சிட்டாங்களா?”

“எந்தக் கிளி?” என்றேன்.

அவ்வளவுதான். போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். அண்ணி சிரித்துக்கொண்டே, “நீ வாராவாரம் எழுதுறியே, அந்தக் கிளிதான். ஞாயித்துக்கிழமை காலையில தம்பி படிக்க, நாங்க ரெண்டு பேரும் உக்காந்து கேக்க, வேற சினிமா எதுக்கு? அந்த ஒத்தக்கால் தபால்காரனுக்கு நீ கால் செஞ்சு போட்டியே, அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு” என்றார்கள்.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ஒன்றரை வருடத்துக்கு முன்னால். எனக்குக் கிளி இல்லை. வீட்டுக்காரம்மா இல்லை. தபால்காரர் யாருக்கும் நான் கால் செய்யவில்லை. யார் எழுதுகிறார்கள் என் பெயரில்?

யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும்.


ஜூன் 14, சனி காலை

படிப்பாளிக்கு,

நான்தான்.

நேற்றே பதில் எழுதியிருக்க வேண்டும். நேற்று என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருந்ததால் முடியவில்லை.

போன முதல் மூன்று மாதம் நீ எழுதினாய். அந்தக் கடிதங்கள் பள்ளி முகவரிக்கு வரும், நான் கொண்டுவந்து வாசிப்பேன். நான்காவது மாதம் நின்றுபோனது. முதல் ஞாயிறு சமாளித்தேன். இரண்டாவது ஞாயிறு அவள் என் பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினாள். சாக்பீஸ் தூள்தான் விழுந்தது. உன்னைப் போனில் கேட்டேன். ‘பரீட்சை முடியட்டும்’ என்றாய். மூன்றாவது ஞாயிறு நானே எழுதினேன். ஒன்றே ஒன்று என்றுதான் நினைத்தேன்.

ஒரு பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தை ஒருமுறை அப்பா எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் பெற்றோர் கூட்டத்தில் வருடாவருடம் சொல்கிறேன். அடுத்த முறையும் அவர்தான் எழுதியாக வேண்டும். எனக்கு அதுதான் நடந்தது. இதுவரை எழுபத்து மூன்று கடிதங்கள்.

கிளி எப்படி வந்தது என்றால், அவளுக்கு இருட்டில் படுக்கப் பயம். அதனால் அம்மாவின் அறையில் ஒரு கிளி, அதற்கும் இருட்டென்றால் பயம், அம்மா அதனிடம் என்ன சொன்னாள் என்று எழுதினேன். வேலை செய்தது. உன்னிடம் போனில் உளறிவிடுவாளோ என்று, அம்மாவின் வீட்டுக்காரம்மா பறவை வளர்க்க விடமாட்டாள், போனில்கூடக் கிளியைப் பற்றிப் பேசக் கூடாது, அது ரகசியம் என்று சேர்த்துக்கொண்டேன். இப்படித்தான் ஒவ்வொன்றாக. போன வாரக் கடிதத்தில், அம்மா வழியில் ஒரு கோபுரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள், அதில் எத்தனை படி இருக்கிறது என்று சுண்டுவுக்கு எண்ணிச் சொல்ல வேண்டுமாம் என்று எழுதினேன். உன்னைத் திட்டிய அதே நாளில்தான் அதை எழுதினேன்.

நேற்று மதிய இடைவேளையில் அவள் என் வகுப்பு ஜன்னலுக்கு வந்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். நான் தேதி எழுதினால் அடியில் இரண்டு கோடு போட்டு, கடைசியில் சின்னதாக ஒரு சாய்வுக் கோடு இழுப்பேன் அல்லவா? முப்பது வருடப் பழக்கம். கையெழுத்தை எல்லாம் மாற்றி எழுதியவன், எழுபத்து மூன்று கடிதத்திலும் தேதிக்கு அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறேன். மாலையில் கடிதக்கட்டை எடுத்து வந்து தரையில் பரப்பினாள். ஒவ்வொரு தேதியின் மேலும் விரலை வைத்தாள்.

“இது உன் கோடுப்பா.”

அக்கா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். “என்னையுமாடா?” என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

சுண்டு அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை. அக்காவிடம்தான் கேட்டாளாம்: “அப்ப, வரப்போறது யாரு?”

மூன்று கடிதங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று சொல்.

– வாத்தியார்


ஜூன் 14, சனி மாலை

வாத்தியாருக்கு,

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். அதில் உங்களுக்கு மரியாதை குறைவாக இருந்தது. அழித்துவிட்டேன்.

மூன்றையும் படித்தேன். மேல்தட்டில் குப்புறப் படுத்து, திரையை இழுத்துவிட்டுக்கொண்டு படித்தேன். நல்ல அம்மா அவள். எதற்கும் அவசரப்படுவதில்லை. ஒவ்வொரு பத்தி முடிவிலும் சுண்டுவிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். நான் போனில் என்ன கேட்டேன்? சாப்பிட்டாயா, பல் தேய்த்தாயா, அத்தை சொல்வதைக் கேட்கிறாயா. இந்த மூன்றும்தான். போன மாதம் அவள் ஏன் போனுக்கு வர மறுத்தாள் என்று இப்போது புரிகிறது. நல்ல கடிதம் எழுதுகிற அம்மா ஒருத்தி இருக்கும்போது, கேள்வித்தாள் மாதிரி பேசுகிற இன்னொருத்தியிடம் ஏன் வர வேண்டும்? எனக்கு அவள்மேல் பொறாமையாக இருக்கிறது. உங்கள் கையெழுத்தின்மேல் பொறாமைப்படுகிறேன், எங்கே போய்ச் சொல்வது இதை.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நான்கு நாள் ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. ஏப்ரலில் படம் தெரிகிற போனில் பேசியபோது, அவள் என்னைப் பார்த்துவிட்டு அண்ணியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள். வெட்கம் என்றீர்கள். வெட்கத்துக்கு ஒளிகிற பிள்ளை எட்டிப் பார்க்கும். அவள் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த டிக்கெட்டை எடுத்தேன். வீட்டு வாசலில் வந்து நின்று அவள் அப்படி ஒளிந்தால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நான்கு நாள் தள்ளிப்போட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்த மாதிரி நடந்துகொண்டேன். நீங்கள் சொன்ன அந்த அம்மா வளையலையே பார்க்கவில்லை. அடுத்த அடி எடுத்து வைக்கப் பயந்து நின்றிருந்தாள்.

ஏன் எழுதுவதை நிறுத்தினேன் என்று அப்போது போனில் கேட்டீர்கள். எழுத உட்கார்ந்தால் அன்று முழுக்கப் படிக்க முடியவில்லை. முதல் பருவத்தில் உடற்கூறில் தவறினேன், உங்களிடம் சொல்லவில்லை. எழுதுவதை விட்டேன், தேறினேன். இதில் பெருமை ஒன்றுமில்லை.

கீழே சுண்டுவுக்கு ஒன்று எழுதியிருக்கிறேன். நாளை ஞாயிறு. வழக்கமான நேரத்துக்கு, அண்ணியையும் உட்காரவைத்து வாசியுங்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. அழகுபடுத்தக் கூடாது.

*சுண்டுவுக்கு,*

*இது அம்மா. இதற்கு முன்னால் அப்பா வாசித்த கடிதங்களை அம்மா எழுதவில்லை, அப்பா எழுதினார். நீ அவர் பையில் கடிதம் தேடினாய், அதைப் பார்க்க முடியாமல் எழுதினார். அம்மா எழுதாமல் இருந்தது அம்மாவின் தப்பு.*

*என் அறையில் கிளி இல்லை. ஜன்னலில் எப்போதாவது புறா வரும். அதற்கு நான் பேர் வைக்கவில்லை. நீ போனில் கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாமல் முழித்தேன்.*

*இன்று இந்த ஊர்க் கோபுரத்தில் ஏறினேன். இருநூற்று எண்பத்தேழு படி. நானே எண்ணினேன். பாதியில் மூச்சு வாங்கி எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. மேலே எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உயரம் என்றால் பயம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கிவிட்டேன்.*

*எனக்குக் கதை சொல்ல வராது. கால் செய்ய வரும். திங்கட்கிழமை காலையில் வருவேன்.*

*அம்மா*


ஜூன் 15, ஞாயிறு மதியம்

படிப்பாளிக்கு,

வாசித்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. ‘அப்பா எழுதினார்’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன். அக்கா, “ம், படி” என்றாள்.

முடித்ததும் சுண்டு, “கிளி செத்துப்போச்சா?” என்றாள்.

“சாகலடா. கிளியே இல்ல. அப்பா சும்மா எழுதுனது.”

அப்போதுதான் அழுதாள். உனக்காக அழவில்லை, எனக்காகவும் இல்லை, கிளிக்காக அழுதாள். ஒன்றரை வருடமாக இருட்டில் அதோடு பேசிக்கொண்டுதான் படுத்திருக்கிறாள் என்று அக்கா பிறகு சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் எழுதிய கிளி, எனக்கே தெரியாமல் இந்த வீட்டில் இருந்திருக்கிறது.

சமாதானப்படுத்தப் போனேன். “நீ பேசாத. நீ எழுதுவே” என்றாள். அக்கா மடியில் படுத்துக்கொண்டாள். கடிதக்கட்டைத் தூக்கிப் போடவுமில்லை, எடுத்து வைக்கவுமில்லை. கூடத்தில் அப்படியே கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் எல்லாரும் நடக்கிறோம்.

சாப்பிடும்போது அக்காவிடம் திடீரென்று கேட்டாள்: “அத்தே, எண்ணிக்கை விட்டுப்போச்சுன்னா இருநூத்தி எண்பத்தேழுன்னு எப்படித் தெரியும்?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். ஏதோ ஒரு விளக்கம் தயாராகத்தான் இருந்தது. மூடிக்கொண்டேன். “எனக்குத் தெரியாதுடா. எழுதுனவங்களைத்தான் கேக்கணும்” என்றேன்.

“நான் கேக்க மாட்டேன்” என்றாள்.

விமான நிலையத்துக்கு வர மாட்டாளாம். நான் தனியாகத்தான் வருவேன். உன் படுக்கையை எங்கே போடுவது என்று அக்கா கேட்கிறாள். இவ்வளவு நாளும் சுண்டு அக்கா பக்கத்தில்தான் படுக்கிறாள். இப்போது அதை மாற்றினால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. நீ மனம் நோகாமல் எனக்கு வழி சொல்.

– வாத்தியார்


ஜூன் 15, ஞாயிறு மாலை, விமான நிலையம்

வாத்தியாருக்கு,

எதையும் மாற்ற வேண்டாம். அவள் அண்ணி பக்கத்திலேயே படுக்கட்டும். எனக்குக் கூடத்தில் ஒரு பாய் போதும். எட்டுப் பேர் அறையில் படுத்துவிட்டு வருகிறவளுக்கு அது மாளிகை. அண்ணியிடம் நான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அதையும் மெதுவாகத்தான் பேசுவேன்.

நீங்கள் உதாரணம் சொல்வீர்கள், இன்றைக்கு நான் ஒன்று சொல்கிறேன். புதுக் கால் தயாரானதும், பயப்படுகிறவர்களை முதல் நாளே அதில் நிற்கச் சொல்ல மாட்டோம். எங்கள் பட்டறையில் அது பழக்கம். கட்டில் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிடுவோம். அவர்கள் அதைப் பார்ப்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிலர் துணியைப் போட்டு மூடிவைப்பார்கள். ஒரு நாள் நாம் பார்க்காத நேரத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். அளவு சரியாக இருந்தால்கூடத் தோல் பழக வாரக்கணக்கில் ஆகும், புண்ணும் ஆகும். இங்கே அளவு சரியா என்பதே எனக்குத் தெரியாது.

அதனால் ‘அம்மா வந்தாச்சு, போய்க் கட்டிக்கோ’ என்று யாரும் அவளைத் தள்ள வேண்டாம். கதவை அண்ணி திறக்கட்டும். சுண்டு புடவைக்குப் பின்னால் போனால் போகட்டும்.

அந்தப் படிக் கேள்வி. வாசலில் பலகையில் எழுதியிருந்தது. நான் நூற்று நாற்பத்திரண்டு வரைதான் எண்ணினேன். ‘நானே எண்ணினேன்’ என்று எழுதினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். உண்மையை மட்டும் எழுதுகிறேன் என்று உட்கார்ந்து முதல் கடிதத்திலேயே ஆறு வயதுப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டேன். உங்களைத் திட்ட எனக்கு இப்போது அவ்வளவு தைரியம் இல்லை.

இதை நீங்கள் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் அழுதாலும், உங்களுக்கு வாய் துறுதுறுத்தாலும் சொல்லாதீர்கள். கேட்க மாட்டேன் என்றுதானே சொல்லியிருக்கிறாள். கேட்கும் வரை நான் அந்த வீட்டில் இருப்பேன். எத்தனை நாள் ஆனாலும், அவளுக்கு அந்தப் பதிலை நான்தான் சொல்ல வேண்டும்.

– படிப்பாளி